நின்று கெடும் பொறி: கதிரவெளியிலிருந்து மின்பிறப்பாக்கியின் வரலாற்றை நோக்கல்

கதிரவெளி என்னும் பெயர் வரலாற்று மாணவர் பலருக்கு அங்கு காணப்படும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களின் வாயிலாகவே அறிமுகமாகியிருத்தல் கூடும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடவெல்லையில், வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, ஒரு புறம் கடலும் மறு புறம் காடும் வயலுமாகக் கிடக்கும் இக்கரையோரக் கிராமம் பற்றி எழுதப் புகும் ஒருவர் கற்களை விட்டுப் பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் இயங்கும் ஒரு சிறு பொறியைப் பற்றி எழுதுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், எமது காலத்து மக்களின் அன்றாட வாழ்வை வருங்காலத்தவர் ஆராய முற்படுமிடத்து, வீட்டுக் கோடியில் சாக்கினால் மூடிவைக்கப்பட்டுள்ள மின்பிறப்பாக்கியும் ஒரு சான்றாகவே கொள்ளப்படும். அப்பொறி எப்பொழுது ஓடியது, எப்பொழுது ஓட மறுத்தது, ஏன் மறுத்தது என்னும் வினாக்களுக்கு விடை காண முயலும்போது இப்பிரதேசத்தின் அண்மைக்கால வரலாற்றின் ஒரு பகுதி தானாகவே வெளிப்படுகின்றது. இக்கட்டுரை அவ்வினாக்களைப் பின்தொடர்ந்து செல்ல முற்படுகின்றது.

இன்று மின்பிறப்பாக்கி என்றதும் மின்சாரம் தடைப்படும் வேளையில் உதவுவதற்கெனக் காத்திருக்கும் ஒரு துணைப்பொறியே நம் நினைவுக்கு வருகின்றது. வரலாற்று முறையில் நோக்குமிடத்து இவ்வொழுங்கு தலைகீழானதாகும். முதலில் தோன்றியது தனிப் பொறியே. ஊர்களை இணைக்கும் மின்கம்பி பின்னரே வந்தது. 1831இல் மைக்கேல் பரடே காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையிலான அசைவு மின்னோட்டத்தைத் தூண்டும் என நிறுவினார். மறு ஆண்டிலேயே பாரிசு நகரத்துக் கருவி வினைஞர் பிக்சி என்பார் கையால் சுழற்றும் பொறியொன்றை அமைத்தார். எனினும் நிலைக்காந்தங்களை நம்பியிருந்த அப்பொறிகளின் வலு மிகச் சிறிதாகவே இருந்தது. 1866ஆம் ஆண்டின் இறுதியில் வேர்னர் சீமன்ஸ் கண்ட உண்மையே இந்நிலையை மாற்றியது. மின்காந்தமொன்றின் இரும்பில், மின்னோட்டம் நின்ற பின்னரும் சிறிதளவு காந்தம் எஞ்சிக் கிடக்கும். அந்தச் சிறு எச்சம் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்க, அம்மின்னோட்டம் காந்தத்தை வலுப்படுத்த, வலுப்பெற்ற காந்தம் மேலும் மின்னோட்டத்தைப் பெருக்க, பொறி தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும். 1867 சனவரியில் பேர்லின் விஞ்ஞானக் கழகத்தின் முன் இது எடுத்துரைக்கப்பட்டது. இதே கருத்து அக்காலத்தில் இங்கிலாந்தில் வேறு சிலருக்கும் தோன்றியிருந்தது. ஓர் எச்சத்திலிருந்து முழுமை பிறக்கும் இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். கதிரவெளி வீட்டுக் கோடியில் இதனை மீண்டும் சந்திப்போம்.

இலங்கையிலும் மின்னொளி தனியார் பொறியின் வழியாகவே வந்தது. 1895ஆம் ஆண்டளவில் கொழும்புக் கோட்டையில் பிறிஸ்டல் கட்டடத்தில் பூஸ்டெட் சகோதரர் நிறுவனத்தார் சிறு மின்னிலையமொன்றை இயக்கினர். மலைநாட்டு ஆறுகளின் வலுவைப் பயன்படுத்த வேண்டுமெனப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் வாதிட்டபோதிலும் லக்சபான நீர்மின் நிலையத்தின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியது 1950இலேயாகும். இலங்கை மின்சார சபை 1969இல் நிறுவப்பட்டது. கிழக்கிலே பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய இங்கினியாகலை அணைக்கட்டின் அடியிலும் ஏறத்தாழ 11 மெகாவாற்று வலுவுடைய மின்னிலையமொன்று அமைந்தது. ஆயினும் அணை இருக்கும் மாகாணத்தில் விளக்கும் எரியும் என்று கொள்வதற்கில்லை. கம்பி நகரங்களை முதலில் நாடிச் செல்லும். கரையோரக் கிராமங்கள் அதன் கடைக்கோடி. கதிரவெளியோ அக்கோடிக்கும் அப்பாற்பட்டது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பாதை களப்பு வாய்களிலும் ஆற்று முகங்களிலும் அறுந்து, ஓடப்பாதைகளால் தொடரப்பட்ட காலம் நீண்டது. பாதையே தொடர்ச்சியற்றிருந்த இடத்தில் கம்பி தொடர்ச்சியாயிராமை வியப்பன்று.

கம்பி வந்த இடங்களிலும் அது நிலையாக நின்றதில்லை. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. அவ்வழிவு இயற்கையினால் நேர்ந்தது. சில கிழமைகளிலோ மாதங்களிலோ மீட்கத்தக்கது. 1990 யூனில் மீண்டும் மூண்ட போர் வேறு வகையான இருளைக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு நாட்டின் மின் இணைப்பிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்டது. கிழக்கிலே வாகரைப் பிரதேசம் உட்பட அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியேயிருந்த நிலப்பகுதிகள் மின்கம்பியின்றியே நீண்ட காலத்தைக் கழித்தன. பெற்றோல், டீசல், மின்கலம் ஆகியன அப்பகுதிகளுக்குக் கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் அளவோடு கிடைத்தது. இத்தடைக்காலத்து வாழ்க்கை முறைகள் யாழ்ப்பாணத்தைப் பொறுத்தே மிகுதியாக நினைவுகூரப்பட்டுள்ளன. ஆதலின் சற்று அங்கு சென்று திரும்புதல் பொருத்தமாகும்.

அங்கு ஜாம் போத்தலுள் சிறிது பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, நூல் திரியொன்றை ஏற்றி வைத்த விளக்கின் கீழ் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி மிதியைக் கையாற் சுற்ற, டைனமோ தந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்கப்பட்டது. பரடே கண்டதன் மிக எளிய வடிவம் அந்த டைனமோவே. நிலைக்காந்தம் உடையதாகையால் எத்தனை மாதம் சும்மா கிடந்தாலும் சுற்றிய மறுகணம் மின் தரும். பெற்றோல் என்ஜின்களோ மண்ணெண்ணெய்க்குப் பழக்கப்பட்டன. மோட்டார் சைக்கிள், நீரிறைக்கும் பொறி, மின்பிறப்பாக்கி யாவும் அவ்வாறே. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோலை ஊட்டி இயக்கி, என்ஜின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவர். அந்தச் சில துளி பெற்றோல் மருந்துப் போத்தல்களிற் பொன்போலப் பேணப்பட்டது.

ஈண்டு கவனிக்க வேண்டியது யாதெனில், இம்முறை என்ஜினுக்கு நன்மை செய்தது அன்று. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கின் முனையிற் கரியாகப் படியும். உருளையின் சுவர் வழியே கசிந்து இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். பாரம் கூடுங்கால் என்ஜின் தட்டொலி எழுப்பும். ஆதலின் அப்பொறிகளை வைத்திருந்தோர் பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைத்தனர். மசகெண்ணெயை விரலிடைத் தேய்த்து அதன் பதம் பார்த்தனர். காபுரேற்றரைக் கழற்றிப் பூட்டப் பழகினர். நஞ்சு உண்ட பொறிகளே எனினும் அவை நாள்தோறும் ஓடின, நாள்தோறும் பார்க்கப்பட்டன. பராமரிப்பு என்று தனியே ஒரு சொல் வேண்டியிருக்கவில்லை. பொறியை ஓட்டுவதும் பேணுவதும் ஒரே செயலாயிருந்தன. இத்திறனைத் தடையின் பரிசாகக் கொண்டாடும் எழுத்துக்கள் சில உண்டு. அவற்றோடு எமக்கு உடன்பாடில்லை. மருந்தின்றியும் ஒளியின்றியும் இறந்தோரின் கணக்கை விடுத்துத் திறமையை மட்டும் எண்ணுதல் நேர்மையாகாது. திறமை இருந்தது என்பது உண்மை. அது வேண்டப்பட்டமை அநீதி என்பதும் உண்மை.

கதிரவெளிக்குத் திரும்புவோம். 2004 திசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியது. ஈராண்டுகள் கழியுமுன் மாவிலாற்றில் தொடங்கிய போர் வெருகலைக் கடந்து வந்தது. 2006 நவம்பர் 8ஆந் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் விழுந்ததில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2007 சனவரியில் வாகரை அரச படையினர் வசமாயிற்று. மக்கள் வெளியேறி, முகாம்களில் இருந்து, மீளக் குடியமர்ந்தனர். இக்கட்டுரைக்கு அப்பாற்பட்ட பெருந்துயரங்கள் இவை. எனினும் ஒரு பொறியின் வரலாற்றிலும் அவை வெட்டுவாயாக அமைந்தன. கடலும் போரும் வீடுகளோடு பொறிகளையும் கொண்டுபோயின. மீண்டு வந்தோர் காலப்போக்கில் மின்கம்பி கண்டனர், பாலங்கள் எழுந்தன, குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டரும் வீடுகளுக்குள் வந்தன. அன்றாடப் பொறியாயிருந்த மின்பிறப்பாக்கி அன்றாடத்திலிருந்து விலகிக் காத்திருக்கும் பொறியாயிற்று.

காத்திருப்பின் தேவை 2022இல் எல்லோருக்கும் விளங்கிற்று. அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் தட்டுப்பட, அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறையாயிற்று. வசதியுள்ளோர் சிறு மின்பிறப்பாக்கிகளை வாங்கினர். ஆனால் அதே மார்ச்சு மாதத்திற் கலன்களில் எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டமையால், வாங்கிய பொறிக்கு ஊட்ட எண்ணெய் இல்லாத நிலையும் உருவாயிற்று. மின்சாரம் இல்லாமைக்கும் பொறி ஓடாமைக்கும் காரணம் ஒன்றேயாயிருந்த விசித்திரம் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வடக்குக் கிழக்கில் இருந்த நிலையைத் தெற்கின் நகரத்தார் முதன்முறையாக அறிந்தது அப்போதே என்று கூறின் மிகையாகாது.

எங்கள் வீட்டுக்கும் அவ்வாண்டிலேயே இரண்டு கிலோவாற்று வலுவுடைய பெற்றோல் பொறியொன்று வந்தது. பெரியம்மாவின் இன்சுலின் மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டியிருந்தமையே காரணம். சில மாதங்கள் அது நன்றாக உழைத்தது. மின்வெட்டு நீங்கிய பின்னர் தாங்கியில் அரைவாசிப் பெற்றோலுடன் மூடிவைக்கப்பட்டது. பின்பு எவரும் அதனைத் தொடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரையைக் கடந்தபோது ஊரில் மின்சாரம் நின்றது. பொறியின் இழுகயிற்றை மாறி மாறி இழுத்துக் கை கொப்பளித்ததேயன்றி வேறு பயன் விளையவில்லை. இன்சுலின், ஈர மணலிட்ட மண்சட்டிக்குள் வைக்கப்பட்டது. புயல் தணிந்து இரண்டாம் நாள் வந்த திருத்துநர், போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் என்ஜின்களோடு வளர்ந்தவர், மூடியைத் திறந்து மணந்து பார்த்த உடனேயே, "ஓடிக் கெட்ட மெசின் குறைவு மகன், நிண்டு கெட்டதுதான் கூட" என்றார்.

அவர் கூற்றை ஆராய்ந்து பார்த்தல் தகும். பெற்றோல் பல திரவங்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதியே குளிர்ந்த என்ஜினைப் பற்றவைப்பது. மாதக்கணக்கில் நிற்கும் தாங்கியில் அப்பகுதி முதலில் வெளியேற, எஞ்சியது காற்றோடு கூடிப் பிசினாக மாறும். காபுரேற்றரின் அடிக்கிண்ணத்திலிருந்து எரிபொருள் மேலேறும் துளை ஊசித் துவாரத்தை ஒத்தது. பிசின் முதலில் அடைப்பது அதனையே. திருத்துநர் எரிபொருட் குழாயை அடைத்து, கிண்ணத்தைக் கழற்றி, மஞ்சள் நிறக் களியை வழித்து, ஒற்றைச் செப்புக் கம்பியிழையால் அத்துவாரத்தைத் துப்புரவாக்கினார். உருக்கு ஊசியைப் பயன்படுத்தினால் துவாரம் பெருத்து எரிபொருள் மிகையாகும் என்றும் எச்சரித்தார். பின்னர் பிளக்கைக் கழற்றி அதன் இடைவெளியைப் பார்த்தார். இத்தகைய சிறு என்ஜின்களில் அது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். உடற்பகுதியில் அதன் உலோகத்தைத் தொடவைத்துக் கயிற்றை இழுத்தபோது பொறி தெறிக்கவில்லை. பிளக்கிற் குற்றமில்லை. நாம் மழைக்கு அஞ்சி மணல் மேட்டிற் சாய்வாக வைத்திருந்தமையால், மசகெண்ணெய் ஒரு புறம் ஒதுங்க, எண்ணெய் குறைவென்று கருதிய பாதுகாப்பு மிதவை தீப்பொறியை நிறுத்தியிருந்தது. பொறியைப் பலகை மீது மட்டமாக வைத்துப் புதுப் பெற்றோல் இட்டபோது மூன்றாம் இழுப்பில் என்ஜின் முழங்கியது. எரிபொருள், தீப்பொறி, காற்று என்னும் மூன்றையும் இவ்வரிசையிற் பார்த்துச் சென்றால் இயங்க மறுக்கும் என்ஜின்களுட் பெரும்பாலானவற்றின் குற்றம் புலப்பட்டுவிடும்.

என்ஜின் ஓடியும் மின் வரவில்லை. மின்குமிழ் இருண்டே கிடந்தது. வீட்டார் பொறி முற்றாக எரிந்துவிட்டதென்றே முடிவுசெய்தனர். திருத்துநரோ முதலில் வெட்டுச் சுவிச்சைப் பார்த்தார். பின்பு பின்மூடியைக் கழற்றிக் காபன் தூரிகைகள் சுழலியின் வளையங்களைச் செவ்வனே தொடுகின்றனவா எனப் பார்த்து, கடற்காற்றினால் வளையத்திற் படிந்திருந்த களிம்பைத் துடைத்தார். அதன் பின்னரும் மின் எழாமையால், வோல்ற்றுச் சீராக்கியின் இணைப்பை நீக்கிவிட்டு, மோட்டார் சைக்கிள் மின்கலத்தின் பன்னிரண்டு வோல்ற்றை நேர்மறை மாறாது தூரிகைகளின் வழியே ஓரிரு செக்கன் செலுத்தினார். மீண்டும் இணைத்து இயக்கியபோது குமிழ் ஒளிர்ந்தது.

சீமன்ஸ் 1866இற் கண்ட எஞ்சிய காந்தம் என்பது இதுவே. எமது பொறியின் சுழலியிலிருந்த எச்சம் மூன்றாண்டு உறக்கத்திலே தேய்ந்து போயிருந்தது. தூண்டுவதற்குத் துளியும் இல்லாதவிடத்துத் தன்னைத் தானே தூண்டிக்கொள்ளல் இயலாது. வரலாறு நூலகத்தில் மட்டுமே தங்குவதன்று. ஒரு கண்டுபிடிப்பின் நிபந்தனை நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கண்டுபிடிப்பாற் செய்த பொருளின் பழுதாக வெளிப்படலாம். வாரந்தோறும் ஓடிய போர்க்காலப் பொறிகளில் அவர் இக்குற்றத்தைக் கண்டது அருமையாம். சைக்கிள் டைனமோவுக்கு இக்கவலையே இல்லை என்பதை முன்னர்க் கண்டோம்.

வேகமும் இவ்விடத்துக் கருதத்தக்கது. இரு துருவச் சுழலி நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்றாலே செக்கனுக்கு 50 சுற்று மின் கிடைக்கும். குமிழ் ஒளி குன்றியும் மிகுந்தும் துடித்தால், குற்றம் பெரும்பாலும் வேகத்தைக் காக்கும் ஆளுகைப் பொறிமுறையிலோ பாதியடைத்த காபுரேற்றரிலோ இருக்கும். குளிர்சாதனப் பெட்டி தொடங்கும் கணத்தில் அதன் ஓட்டத் தேவையைப் போல் பல மடங்கு மின்னை இழுக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஓடும்போது தாங்கும் பொறி தொடங்கும்போது திணறுவது இதனாலேயே. ஏனையவற்றை நிறுத்தி, பெட்டியை முதலில் தொடக்கிவிடுதல் நன்று.

உயிரோடு தொடர்புடைய இரண்டைச் சுருக்கமாகவேனும் சொல்லாது விட முடியாது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் அற்றது. மழைக்குப் பயந்து விறாந்தையிலோ குசினியிலோ பொறியை ஓட்டுவோரை உறக்கத்திலேயே கொல்ல வல்லது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலம் பனியில் உறைந்து மின்னிழந்தபோது இவ்வாயுவினாற் பலர் மாண்டனர். செல்வமும் கல்வியும் மிக்க நாட்டிலேயே அவ்வாறு நேர்ந்தது. மற்றையது, இருமுனையிலும் ஆண்செருகி பூட்டிய வயரினால் பொறியைச் சுவர்ச் செருகியில் இணைத்து வீடு முழுவதற்கும் மின் கொடுக்கும் வழக்கம். பிரதான ஆளியை நிறுத்த மறந்தால் அம்மின் தெருக் கம்பியில் ஏறும். மின்மாற்றி அதனைத் தலைகீழாக உயர்த்தி 33,000 வோல்ற்றுக் கம்பிக்கு அனுப்பும். மின் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவன் புயலிலும் வீட்டுக்குப் போகாத மின்சார சபைத் தொழிலாளி. ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டுமே திறக்கும் மாற்று ஆளியொன்றைத் தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு பூட்டுவித்தால் இவ்வபாயம் நீங்கும்.

மசகெண்ணெய் பற்றியும் ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. புதுப் பொறியில் முதல் இருபது மணித்தியால ஓட்டத்தின் பின்னும், அப்பால் நூறு மணித்தியாலத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவையும் அதனை மாற்றுவது பொது விதி. வடித்த கரிய எண்ணெயை வேலியோரத்தில் ஊற்றிவிடுதல் எங்கும் காணப்படும் வழக்கம். யாழ்ப்பாணத்தில் மின்கம்பியற்ற ஆண்டுகளில் பெரும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த சுன்னாகப் பகுதியில், கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை பின்னர் பெரும் வழக்காகி, 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. கதிரவெளியின் மணல் நிலத்திற் கிணறு ஆழமற்றது. வேலிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருப்பதும் மணலே. வீட்டுப் பொறியின் எண்ணெய் சிறிதுதான். எனினும் பழைய போத்தலில் அடைத்து வாகனத் திருத்துமிடத்திற் சேர்ப்பதற்கு ஆகும் சிரமமும் சிறிதே.

திருத்துநர் புறப்படுமுன் எழுதித் தந்த ஒழுங்கு மிக எளியது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுக. வெறுமனே ஓட்டாது பாரம் கொடுத்து ஓட்டுக. நிறுத்தும்போது ஆளியை அணைக்காது எரிபொருட் குழாயை அடைத்துக் காபுரேற்றர் வற்றித் தானே நிற்க விடுக. தாங்கியிற் பழைய பெற்றோல் வைக்காதிருக்க. நாட்கணக்குக்கென ஒரு கொப்பியும் போடச் சொன்னார். போர்க்காலத்தில் அவரிடமிருந்த அத்தகைய கொப்பிகள் ஆழிப்பேரலையிற் போயினவாம். எத்தனை மணி ஓடியது, எவர் வீட்டுக்காக ஓடியது, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பனவெல்லாம் அவற்றில் இருந்தனவாம். சுவடிக்கூடங்களிற் கிடையாத அப்பக்கங்களை நினைக்குந்தோறும் வரலாறு பயில்பவனுக்கு ஏக்கமே மிஞ்சுகின்றது.

எங்கள் கொப்பி 2025 திசம்பரில் தொடங்குகின்றது. பெரியம்மாவே அதனை எழுதி வருகின்றார். முதற் பக்கத்தில் ஆறு வரிகள் உள்ளன. நான்காவது வரியில், அரை மணி ஓடியது, தண்ணீர் மோட்டர் போட்டது, பக்கத்து வீட்டுக்கும் இரண்டு வாளி, என்று உள்ளது.